முறைசாரா வேலை: சொல்லின் பொருளும் நாட்டுக்கு நாடு மாறும் கணக்கும்

ஒருவர் உழைக்கிறார், கூலியும் வாங்குகிறார். ஆனால் அந்த வேலைக்குத் தொழிலாளர் சட்டமோ சமூகப் பாதுகாப்போ எட்டவில்லை என்றால் அது முறைசாரா வேலை. சட்டமே அவரைத் தன் வரம்புக்கு வெளியே விட்டிருக்கலாம். ஏட்டில் உரிமை இருந்தும் கைக்குக் கிடைக்காமல் போயிருக்கலாம். இரண்டுமே இதில் அடங்கும். செய்யும் தொழில் என்ன என்பது பொருட்டே அல்ல. ஒரே சுவரை எழுப்பும் இரண்டு கொத்தனார்களில் ஒருவருக்காக முதலாளி ஓய்வூதிய நிதிக்குப் பணம் கட்டி, சம்பளத்தோடு விடுப்பும் கொடுத்தால் அவர் முறைசார் பணியாளர். இவை எதுவும் இல்லாத மற்றவர் முறைசாராப் பணியாளர்.

ஆங்கிலத்தின் ‘இன்ஃபார்மல்’ என்ற சொல்லுக்கு வேர், வடிவம் என்று பொருள்படும் ‘ஃபோர்மா’ என்ற லத்தீன் சொல். வேலையைப் பற்றிய பேச்சுக்குள் அதைக் கொண்டுவந்தவர் பிரிட்டிஷ் மானிடவியலாளர் கீத் ஹார்ட். கானா நாட்டின் அக்ரா நகரில், நீமா பகுதியில், வடக்கிலிருந்து பிழைக்க வந்த ஃப்ராஃப்ரா மக்களிடையே 1960களில் கள ஆய்வு செய்தார். ஏட்டில் ‘வேலையில்லாதவர்’ என்று விழக்கூடியவர்கள் நடைமுறையில் சும்மா இருக்கவில்லை. சில்லறை வணிகம், கைத்தொழில், தரகு என்று எதையாவது செய்து சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். இதை அவர் 1971இல் இங்கிலாந்தின் சசெக்ஸில் நடந்த மாநாட்டில் எடுத்துச் சொன்னார். கட்டுரை 1973இல் அச்சானது. இடையில், 1972இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட கென்யா அறிக்கைதான் ‘முறைசாராத் துறை’ என்ற தொடரை உலகெங்கும் பரப்பியது. கென்யாக்காரர்கள் இதற்கு ‘ஜுவா காலி’ என்பார்கள். சுவாஹிலியில் ‘சுடும் வெயில்’ என்று பொருள். கூரையில்லாத பட்டறைகளில் தகரம் தட்டுபவர்களைக் குறித்த சொல், பிறகு துறை முழுமைக்கும் பெயராகிவிட்டது.

தமிழில் ‘முறைசாரா’ என்பதே பொருத்தமான நிகர்ச்சொல். ‘சாராத’ என்பது ‘த’ கெட்டு ‘சாரா’ என்று நிற்பதால் இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அடுத்து வரும் வல்லினம் மிகும். எனவே முறைசாராத் துறை, முறைசாராப் பணி என்று எழுதுவதே சரி. ‘அமைப்புசாரா’ என்பது வேறு வழியில் வந்தது. இந்தியச் சட்டங்களும் நல வாரியங்களும் ‘ஒருங்கிணைக்கப்படாத தொழிலாளர்’ என்ற பொருளில் அதை ஆள்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் பாவிப்பது வழக்கமாகிவிட்டது, ஆனால் ஓர் இடத்தில் இடறும். பெரிய, பதிவு பெற்ற ஆலை ஒன்றில் ஒப்பந்தக்காரர் வழியாக, எந்தக் காப்பீடும் இல்லாமல் வேலை செய்பவர் இருப்பது அமைப்புசார்ந்த நிறுவனத்தில். அவர் வேலை மட்டும் முறைசாராதது. புள்ளியியலாளர்கள் இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் இரண்டு வரையறைகள் வகுத்தார்கள். 1993இல் வகுத்த ‘முறைசாராத் துறை’ நிறுவனத்தைப் பார்க்கிறது. 2003இல் வகுத்த ‘முறைசாரா வேலைவாய்ப்பு’ வேலையைப் பார்க்கிறது.

செய்திகளில் இதற்கு மாற்றாக வரும் சில சொற்கள் பிழையானவை. ‘சட்டவிரோத வேலை’ என்பது குற்றத் தொழிலையும் சேர்த்துக்கொள்கிறது. ‘தற்காலிக வேலை’யும் ஆகாது, ஆறு மாத ஒப்பந்தத்தில் இருப்பவருக்கும் முழுக் காப்பீடு இருக்கலாம். ‘சுயதொழில்’ என்றும் சொல்லிவிட முடியாது. பதிவு செய்து வரி கட்டும் மருத்துவரும் சுயதொழில் செய்பவர்தான்.

ஏன் சில நாடுகளில் அதிகம்?

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் வேலை செய்வோரில் சுமார் 61 விழுக்காட்டினர், அதாவது 200 கோடிப் பேர், முறைசாரா வேலையில் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் 85.8 விழுக்காடு, ஆசிய பசிபிக் பகுதியில் 68.2, அமெரிக்கக் கண்டங்களில் 40, ஐரோப்பா, மத்திய ஆசியாவில் 25.1.

இந்த இடைவெளியின் பெரும்பகுதிக்குக் காரணம், யார் எந்த மாதிரி வேலையில் இருக்கிறார்கள் என்பதுதான். ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுயதொழில் செய்வோரில் 80 விழுக்காட்டினரும் சம்பளக்காரரில் 20 விழுக்காட்டினரும் முறைசாராதவர்கள் என்று இரு நாடுகளுக்கும் ஒரே விகிதம் வைப்போம். முதல் நாட்டில் 100 பேரில் 20 பேர் சுயதொழில், 80 பேர் சம்பளக்காரர். அங்கே 16, 16 என்று மொத்தம் 32 பேர் முறைசாராதவர்கள். இரண்டாவது நாட்டில் சுயதொழில் 70, சம்பளம் 30; 56உம் 6உம் சேர்ந்து 62 ஆகிறது. சட்டமும் கண்காணிப்பும் ஒன்றே, ஆனாலும் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரு மடங்கு. சிறு நிலத்தில் பயிரிடுவோரும் ஓராள் கடைகளும் நிறைந்த ஏழை நாடுகள் பட்டியலின் மேலே வருவது இதனால்தான். 2018 கணக்கில் உலக வேளாண் தொழிலாளரில் 93.6 விழுக்காட்டினர் முறைசாராதவர்கள்.

‘வரி அதிகம், அதனால் ஒளிகிறார்கள்’ என்பது அடிக்கடி கேட்கும் விளக்கம். பாதிதான் உண்மை. உலகில் மிக அதிகமாக வரி வாங்கும் நாடுகளின் வரிசையில் உள்ள டென்மார்க்கிலும் சுவீடனிலும் முறைசாரா வேலை மிகக் குறைவு. அங்கே சம்பளம் வங்கி வழியாகப் போகிறது. எவ்வளவு கொடுத்தோம் என்று முதலாளியே வரித்துறைக்குத் தெரிவிக்கிறார். 300 பேர் வேலை செய்யும் நிறுவனம் இரட்டைக் கணக்கு வைத்தால், கோபித்துக்கொண்டு வெளியேறும் ஒரு கணக்காளர் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். கணவன், மனைவி, ஒரு பையன் என்று நடக்கும் கடையில் அப்படி யார் சொல்லப் போகிறார்கள்? ஆய்வாளர்களை அனுப்பிப் பிடிப்பதும் கடினம். தொழில்மயமான நாடுகளில் 10,000 தொழிலாளருக்கு ஓர் ஆய்வாளர், மிகவும் பின்தங்கிய நாடுகளில் 40,000 பேருக்கு ஒருவர் என்பதே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு முன்வைத்த அளவுகோல். ஏழை நாட்டில் அந்த 40,000 பேரும் பல ஆயிரம் கடைகளிலும் பட்டறைகளிலும் சிதறிக் கிடப்பார்கள்.

சிறு தொழில்களுக்கு வேண்டியவற்றைத் தருவதும் அவற்றின் பொருளை வாங்குவதும் பெரும்பாலும் சிறு தொழில்களே என்பது இன்னொரு பக்கம். பதிவு பெற்ற நிறுவனம் வாங்கும்போது பில் கேட்கும், ஏனென்றால் பில் இருந்தால்தான் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியும். வாங்குபவரும் பதிவில்லாதவர் என்றால் பில்லுக்குத் தேவையே இல்லை. சங்கிலி அப்படியே கீழே நீள்கிறது.

வரியைவிட நான் அதிகம் கவனிக்கச் சொல்வது, கட்டும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதை. 100 ரூபாய் சம்பளத்தோடு 30 ரூபாய் காப்பீட்டுக்குப் போகிறது, தொழிலாளி அந்தக் காப்பீட்டை 10 ரூபாய்க்குத்தான் மதிக்கிறார் என்றால், மீதி 20 ரூபாய் இருவருக்கும் வெறும் வரியாகத்தான் தெரியும். பிடித்தம் வேண்டாம், கையில் கொடுத்துவிடுங்கள் என்று தொழிலாளியே சொல்வது இதனால்தான். மெக்சிகோவில் 1997 சட்டப்படி ஓய்வூதியம் பெற 1,250 வாரம் பங்களிப்பு வேண்டியிருந்தது. அது 24 ஆண்டு. பாதிக் காலம் உள்ளே, பாதிக் காலம் வெளியே என்று வேலை மாறுபவருக்கு 48 ஆண்டு ஆகும். அவர் கட்டிய மாதங்களால் ஓய்வூதியம் கிடைக்கப் போவதில்லை. 2020 திருத்தம் இதை 750 வாரமாகக் குறைத்து, படிப்படியாக 1,000 வாரத்துக்கு உயர்த்த வழி செய்தது. கொலம்பியா 2012இல் வேறு முனையில் கை வைத்தது: ஊதியத்தின் மேல் முதலாளிகள் கட்டும் சுமையை 29.5 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைத்து, விட்டுப்போன வருவாயை நிறுவன லாப வரியிலிருந்து எடுத்தது. முறைசார் வேலை கூடியதாகப் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

பதிவுச் சிக்கலும் உண்டு. 1980களில் பெருவின் லிமா நகரில் பொருளியலாளர் எர்னான்டோ தே சோட்டோவின் குழு ஒரு சிறிய தையல் பட்டறையைச் சட்டப்படி பதிவு செய்து பார்த்தது. 289 நாள் ஆனது. இந்த எண் பெரும்புகழ் பெற்றது, கொஞ்சம் மிகையாகவே பெற்றது என்பேன். பல நாடுகள் பதிவை எளிதாக்கிய பிறகும் வரிசை கட்டிப் பதிய யாரும் வரவில்லை. நாளைக்கு இந்தக் கடை இருக்குமா என்று தெரியாதவருக்கு ஒரு நாளில் கிடைக்கும் பதிவும் பயன்படாது. பிரேசில் 2009இல் நடைமுறைப்படுத்திய குறுந்தொழில் முனைவோர் திட்டத்தில் கோடிக்கணக்கானோர் சேர்ந்தார்கள் என்றால், பதிவு எளிது என்பதோடு, மாதம் ஒரே சிறு தொகைக்கு ஓய்வூதியமும் மகப்பேற்று உதவியும் அதில் இருந்தன.

சில நாடுகளில் சட்டமே கோடு போட்டு ஒதுக்குகிறது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் மின்விசை உண்டென்றால் 10 பேர், இல்லையென்றால் 20 பேர் என்று எல்லை வைத்தது. வைப்பு நிதிக்கு எல்லை 20 பேர். அந்தச் சட்டத்தின் காலத்தில் 9 பேரோடு நின்றவர் சட்டத்தை மீறவில்லை, அவரிடம் வேலை செய்தவர் மட்டும் வெளியே நின்றார். பத்தாவது ஆளை அடுத்த தெருவில் வேறு பெயரில் உள்ள பட்டறையில் காட்டுவதும் நடந்தது.

முறைசாரா வேலை குறைவு என்றால் நல்லது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. தென்னாப்பிரிக்காவில் அதன் பங்கு அண்டை நாடுகளைவிட மிகக் குறைவு. ஆனால் வேலையின்மை 30 விழுக்காட்டுக்கு மேல். கறுப்பின மக்கள் தொழில் நடத்துவதை இனவெறி ஆட்சி பல காலம் முடக்கியது. குடியிருப்புகளை நகர மையத்திலிருந்து தொலைவில் ஒதுக்கியது. சிறுகடை வைத்துப் பிழைப்பவராக இருந்திருக்கக்கூடியவர் அங்கே வேலையே இல்லாதவராகக் கணக்கில் வருகிறார்.

எண்களை ஒப்பிடும்போது

கணக்கெடுப்பில் நேராக ‘நீங்கள் முறைசாராதவரா’ என்று கேட்பதில்லை. சம்பளக்காரரிடம் முதலில் கேட்பது: முதலாளி உங்களுக்காக ஓய்வூதிய நிதிக்குப் பணம் கட்டுகிறாரா? தெரியாது என்றால், சம்பளத்தோடு ஆண்டு விடுப்பு உண்டா, நோய் விடுப்பு உண்டா என்று போகும். சுயதொழில் செய்வோரிடம் பதிவு எண் உண்டா, கணக்குப் புத்தகம் உண்டா என்று கேட்பார்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டு முதலாளி கட்டாமல் விட்டிருந்தால், தொழிலாளி ‘ஆம்’ என்பார், கணக்கு அங்கேயே பிசகும். வீட்டில் ஒருவர் மற்றவருக்காகப் பதில் சொல்லும்போதும் இது நேரும்.

வேளாண்மை சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல லத்தீன் அமெரிக்க எண்களில் சேராது. இந்தியாவின் தொழிலாளர் கணக்கெடுப்பு தனியாள், கூட்டாண்மை நிறுவனங்களையே முறைசாராத் துறை என்கிறது. அதை, வேறு அளவுகோலில் எடுத்த கொலம்பியாவின் எண்ணோடு பக்கத்தில் வைத்தால் எதுவும் விளங்காது. 2023இல் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 21ஆவது பன்னாட்டு மாநாடு வரையறையை மீண்டும் திருத்தியது. 2003 விதிப்படி குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுவோர் எல்லோருமே முறைசாராதவர்கள். புதிய விதிப்படி, பதிவும் காப்பீடும் இருந்தால் அவர்களும் முறைசார்ந்தவர்கள் ஆகலாம். செயலி வழியாக வண்டி ஓட்டுபவர் போல, சுயதொழில் என்று பெயர் இருந்தும் ஒரே நிறுவனத்தை நம்பி இருப்பவர்களுக்கு 2018இல் வகுத்த தனி வகையும் புதிய விதியில் இடம்பெறுகிறது. தமிழில் ‘சார்பு ஒப்பந்தப் பணியாளர்’ எனலாம். இந்த விதியை நாடுகள் வெவ்வேறு ஆண்டுகளில் ஏற்கும் என்பதால், வரும் ஆண்டுகளின் எண்கள் திடீரென ஏறினாலோ இறங்கினாலோ வரையறை மாறியதா என்று முதலில் பார்க்க வேண்டும்.