அங்கே ஓடிய நிரல் இங்கே ஓடுமா?

“ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற நிரல்தானே, அப்படியே எடுத்துப் போடு.” டெவலப்பர்களிடையே அடிக்கடி கேட்கிற பேச்சு இது. பல நேரங்களில் நல்ல யோசனைதான். என்க்ரிப்ஷன், கம்ப்ரஷன், நேர மண்டலக் கணக்கு ஆகியவற்றை யாரும் புதிதாக எழுதவே கூடாது. எந்த ஆப்பில் வைத்தாலும் அவற்றின் வேலை மாறாது. பல ஆண்டுகளாகப் பலர் பிழை திருத்திய லைப்ரரிகள் (தயார் நிரல் தொகுப்புகள்) இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட சூழலுக்கென்று எழுதிய நிரலை இடம் மாற்றும்போதுதான் சிக்கல். அது நம்பியிருந்த நிபந்தனைகள் கூடவே வருவதில்லை.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து முதல் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பியது. முதன்மை என்ஜின் எரியத் தொடங்கிய சுமார் 37 நொடியில் திசையறியும் கணினி நின்றுபோனது. சற்று நேரத்தில் ராக்கெட், அதிலிருந்த 4 கிளஸ்டர் செயற்கைக்கோள்களோடு சிதறியது. அந்தக் கணினியின் நிரல் ஏரியன் 4-இலிருந்து எடுத்தது. கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஒரு மதிப்பை அது 64 பிட் தசம எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும். எதிர்ம எண்ணுக்கும் இடம் வைத்த 16 பிட்டில் கொள்ளும் உச்சம் 32,767. ஏரியன் 4 போகும் பாதையில் அந்த மதிப்பு அவ்வளவு தூரம் போகாது. ஏரியன் 5 தொடக்கத்திலேயே கிடைமட்டமாக அதிக வேகம் பிடிப்பதால் எல்லை மீறியது. மாற்றுக் கணினியிலும் அதே நிரல். அது 72 மில்லிசெகண்ட் முன்பே அதே காரணத்தால் நின்றிருந்தது.

ப்ராசசர் சுமையை 80 சதவீதத்துக்குள் வைக்க வேண்டியிருந்ததால், இப்படிப்பட்ட 7 மாறிகளில் 4-க்கு மட்டும் பாதுகாப்பு எழுதி, 3-ஐத் தெரிந்தேதான் விட்டிருந்தார்கள். ஏன் விட்டோம் என்ற காரணம் நிரலுக்குள் எழுதப்படவில்லை. புதிய ராக்கெட்டின் பாதையைக் கொடுத்து அந்தக் கணினியைச் சோதிக்கவும் இல்லை. இன்னொன்று மனத்தை மிகவும் உறுத்துகிறது: பிழை எழுந்த அந்தக் கணக்கு, ஏரியன் 5 மேலே கிளம்பிய பிறகு எதற்குமே தேவைப்படாத ஒன்று.

நம் ஊரில் இதே தவறு எஸ்எம்எஸ் அனுப்பும் மாட்யூலில் (நிரல் பகுதியில்) நடக்கும். ஆங்கில ஆப்பில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழுக்கு, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில், 70 குறிகள்தான். செய்தி நீண்டு துண்டானால் துண்டுக்கு 67. 150 குறிகள் உள்ள தமிழ்ச் செய்தியைப் பழைய மாட்யூல் ஒன்று என்று எண்ணும். போவது 3, பில்லும் மூன்று மடங்கு. “தமிழ்” நமக்கு 3 எழுத்து, யூனிகோடில் 5 குறிகள் (த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி), அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். குறிகளை எண்ணி நாலோடு வெட்டினால் புள்ளி போய் “தமிழ” என்று நிற்கும். இன்னும் நீளமான தமிழ்ச் சொல்லை 20 பைட்டில் வெட்டினால் ஏழாவது குறி பாதியில் அறுந்து, திரையில் கேள்விக்குறியோ கட்டமோ வரும். ஆங்கிலத் தரவை மட்டும் வைத்து எழுதிய டெஸ்ட்கள் அத்தனையும் பச்சை காட்டும்.

ஆகவே நிரலை எடுக்கும் முன், உள்ளே வரும் ஒவ்வொரு மதிப்புக்கும் அலகு, குறைந்தபட்சம், அதிகபட்சம், காலியாக வரலாமா, எந்த என்கோடிங் (எழுத்தைச் சேமிக்கும் முறை) என்று எழுதுங்கள். அவற்றை அசெர்ட்டாக (மீறினால் உடனே பிழை காட்டும் சோதனையாக) நிரலிலேயே வையுங்கள். எல்லைக்கான காரணத்தைப் பக்கத்திலேயே கமென்டாகப் போடுங்கள். புதிய ஆப்பின் உண்மையான தரவை ஓட்டிப் பாருங்கள். தேவைப்படாத பகுதியை நீக்கிவிடுங்கள்.

வெளி லைப்ரரி என்றால், எந்தப் பதிப்பு என்று பூட்டி வைக்கும் லாக் ஃபைலை (lock file), நிரலின் மாற்றங்களைக் காக்கும் கிட்டில் (Git) சேருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளின் கிடங்கான என்பிஎம் (npm) என்றால், சர்வரில் லாக் ஃபைலில் உள்ளபடியே நிறுவும் ‘என்பிஎம் சிஐ’ கட்டளை கொண்டே நிறுவுங்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி மாட்யூல் என்பிஎம்-இலிருந்து நீக்கப்பட்டதும் உலகெங்கும் பில்டுகள் உடைந்தன. 2021 டிசம்பரில், ஜாவா நிரல்களில் பதிவு எழுதும் லாக்4ஜே (Log4j) லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அது தங்கள் ஆப்பில் இருப்பதே பல குழுக்களுக்குத் தெரியவில்லை. வேறொரு லைப்ரரியின் அடியில் ஒளிந்து வந்திருந்தது. நேரடியாகச் சேர்த்தவற்றை மட்டும் பார்க்காமல், டிபென்டன்சி மரம் முழுவதையும், அதாவது அவை சார்ந்திருக்கும் மற்ற லைப்ரரிகளையும், எடுத்துப் பாருங்கள்.

வணிக விதிகளைப் பொதுவாக்குவதில் அவசரம் வேண்டாம். இரண்டு ஆப்களின் தள்ளுபடிக் கணக்கு இன்று ஒன்றுபோல் தெரியும். அடுத்த மாதம் ஒரு வாடிக்கையாளர் மட்டும் மாற்றம் கேட்பார். பொது ஃபங்ஷனுக்குள் “இந்த ஆப் என்றால்” என்ற மூன்றாவது இஃப் (நிபந்தனை) நுழையும்போதே அதைப் பிரித்து, அவரவர் ஆப்பில் தனித்தனியாக வைத்துவிடுங்கள்.