ரிலே என்றால் அஞ்சல்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் உதிரிபாகக் கடையில் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) கேட்டால், “நாலு பின்னா, அஞ்சு பின்னா?” என்பார்கள். ரிச்சி தெருவில் டைமர் கேட்டால், “ஆன் டிலேயா, ஆஃப் டிலேயா?” என்பார்கள். கார் அலாரத்தின் சைரனைச் சில விநாடி தாமதித்து ஒலிக்கவைக்க இரண்டுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும். சொல்லின் பொருள் பிடிபட்டால் ஒயரிங்கும் பிடிபடும்.

ரிலே பழைய பிரெஞ்சுச் சொல். வேட்டையில் களைத்த நாய்களுக்குப் பதிலாக வழியில் நிறுத்திவைத்த புது நாய்களை முதலில் குறித்தது. பிறகு தபால் வண்டிகளின் மாற்றுக் குதிரைகளுக்கு ஆகிவந்தது. அதன்பின் தந்திக்கு வந்தது. நெடுந்தூரக் கம்பியில் ஓடி மெலிந்த மின்னோட்டத்துக்கு ஒரு சிறு மின்காந்தத்தை இழுக்கத்தான் வலு இருக்கும். அந்த இழுப்பு ஒரு தொடுமுனையை மூடி, அங்கே காத்திருக்கும் புது பேட்டரியை அடுத்த கம்பியில் கோத்துவிடும். களைத்தவன் சேதியை மட்டும் ஒப்படைக்கிறான், ஓடுவது புதியவன்.

இதே கருத்துக்குத் தமிழில் ‘அஞ்சல்’ இருக்கிறது. திருவிதாங்கூரின் அஞ்சல் ஓட்டக்காரர்கள் பையைக் கைமாற்றிக் கைமாற்றி ஓடியவர்கள். அந்தச் சேவை 1951-இல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. தில்லிச் செய்தியைச் சென்னை வானொலி ‘அஞ்சல் செய்கிறது’ என்பதும் இதே பொருளில்தான். ரிலேயை ‘உணர்த்தி’ என்று எழுதுவோரும் உண்டு. அது சென்சரைக் குறிக்கும் ‘உணரி’யோடு குழம்பும், புது ஆற்றலிடம் வேலையை ஒப்படைக்கும் கருத்தும் அதில் இல்லை. ‘மின்னஞ்சல்’ ஏற்கெனவே ஈமெயிலுக்குப் போய்விட்டதால், ரிலேக்கு ‘அஞ்சல் சொடுக்கி’ என்பதே பொருத்தம். டைமர் ரிலேயைத் ‘தாமதச் சொடுக்கி’ எனலாம். ஆன் டிலே என்றால் தாமதித்து இணைவது, ஆஃப் டிலே என்றால் தாமதித்துப் பிரிவது. நமக்கு வேண்டியது முன்னது. மாற்றி வாங்கினால் சைரன் உடனே அலறி, நிற்கத்தான் நேரமெடுக்கும். (சைரனுக்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. ஆலைச் ‘சங்கு’ ஊதியதைக் கேட்டு வேலைக்குப் போன ஊர் இது.)

இனி இணைப்பு. புது ஆள் காத்திருக்கும் இடம் ரிலேயின் 30-ஆம் பின். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து, அதை ஒட்டியே 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, 1 சதுர மில்லிமீட்டர் ஒயரை 30-க்குக் கொண்டுவர வேண்டும். 87-இலிருந்து சைரனின் சிவப்பு ஒயர். கறுப்பு ஒயர் பாடி எர்த்துக்கு, அதாவது பேட்டரி மைனஸோடு சேர்ந்த கார் உடலுக்கு. 20 வாட் சைரன் இழுப்பது 2 ஆம்பியருக்குள்தான். அலாரம் பெட்டியின் சைரன் ஒயர் சேதி கொண்டுவருபவன் மட்டுமே: அதை டைமரின் பிளஸ்ஸில் கொடுத்து, டைமரின் அவுட்புட்டை 86-க்கும், 85-ஐ எர்த்துக்கும் இணைக்க வேண்டும். 85, 86-க்கு இடையிலுள்ள ரிலேயின் காயில் (மின்காந்தச் சுருள்) ஏறக்குறைய 150 மில்லி ஆம்பியர்தான் கேட்கும். 85, 86-க்குக் குறுக்கே 1என்4007 டயோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடுவது), வெள்ளிக் கோடு 86 பக்கம். இதை விட்டால் காயில் அணையும்போது எழும் மின்னழுத்தம் டைமரைக் கொன்றுவிடும். இதற்கு நாலு பின் ரிலேயே போதும். அஞ்சு பின் ரிலேயானால் 87ஏ பின்னில் எதையும் மாட்டக் கூடாது. அது ரிலே ஓய்ந்திருக்கும்போதே இணைந்திருப்பது.

டைமரை 555 என்ற டைமர் ஐசியில் (சிப்) நாமே கட்டலாம். 2, 6 பின்களைச் சேர்த்து, அங்கிருந்து டைமரின் பிளஸ்ஸுக்கு 100 மைக்ரோஃபாரட் கண்டென்சர் (அதன் பிளஸ் முனை டைமரின் பிளஸ் பக்கம்), எர்த்துக்கு 91 கிலோ ஓம் ரெசிஸ்டர். தாமதம் 1.1 × ரெசிஸ்டர் × கண்டென்சர், அதாவது 10 விநாடி. ரெசிஸ்டருக்குக் குறுக்கே ஒரு டயோடு, கோடு 2, 6 பக்கம் இருக்கட்டும். அது இல்லையென்றால் கண்டென்சர் முழுதாக வடியாமல், அடுத்த முறை தாமதம் குறைந்துவிடும். நேரத்தைக் கூட்ட ரெசிஸ்டரை 1 மெகா ஓம் வரை ஏற்றுவது தவறு. சென்னை வெயிலில் நிற்கும் காருக்குள் கண்டென்சரின் கசிவு கூடும். அந்தக் கசிவு மின்னோட்டமே 2, 6 பின்களின் மின்னழுத்தத்தை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும், சைரன் ஒலிக்கவே ஒலிக்காது. 105 டிகிரிக் கண்டென்சரே வாங்க வேண்டும். பானெட்டுக்குள் வைக்காமல் டேஷ்போர்டுக்கு அடியில், பின்கள் கீழ்நோக்க மாட்டுவது நல்லது. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கத்து உப்புக் காற்றில் திறந்த முனைகள் விரைவில் பச்சை பூத்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் வராவிட்டால், அலாரத்தின் சைரன் ஒயரை மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். 12 வோல்ட் நிலையாக நிற்காமல் விட்டுவிட்டு வந்தால், ஒவ்வொரு விடுதலிலும் டைமர் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அத்தகைய அலாரத்தில் சைரன் ஒயரின் பிளஸ்ஸை ஒரு 1என்4007 வழியாக, கோடு டைமர் பக்கம் இருக்கும்படி கொண்டுவந்து, டயோடுக்குப் பின் எர்த்துக்கு 4,700 மைக்ரோஃபாரட் கண்டென்சர் சேர்த்தால் சிறு இடைவெளிகள் நிரம்பும். அரை விநாடிக்கு மேற்பட்ட இடைவெளிக்கு இது போதாது. அலாரத்தில் நிலையான வேறு அவுட்புட்டைத்தான் தேட வேண்டும்.