பெல்ட் போட்டாயிற்று, கொக்கி எங்கே?

உயரத்தில் வேலை செய்கிற யாராவது விழுந்துவிட்டால் மறுபடியும் அதே பேச்சு: "பெல்ட் போட்டுத்தான் இருந்தார் சார், ஆனாலும் இப்படி ஆயிடுச்சு." பெங்களூரில் மழை ஓய்ந்து, அடுக்குமாடிகளுக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கிற பருவம் தொடங்கிவிட்டால் சர்ஜாபூர் ரோடு, ஒயிட்ஃபீல்டு, ஹென்னூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இது காதில் விழுகிறது. கயிற்றில் இறங்குகிறவர்களிலும் சாரத்தில் நிற்கிறவர்களிலும் திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர். சைட்டில் பாதுகாப்பு வகுப்பு பெரும்பாலும் இந்தியிலோ கன்னடத்திலோ நடக்கிறது. அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். வேலை செய்கிற தம்பிமார்களும், அவர்களை மேலே ஏற்றுகிற மேஸ்திரிகளும், வேலை கொடுக்கிற அடுக்குமாடி அசோசியேஷன்காரர்களும் படிக்க வேண்டும்.

"பெல்ட் போட்டிருந்தார்" என்றால் சைட்டில் என்ன அர்த்தம்? உடம்பில் மாட்டியிருந்தார், அவ்வளவுதான். கொக்கி எதில் இருந்தது, அந்த இடம் எவ்வளவு தாங்கும், விழுந்தால் நிற்பதற்குக் கீழே இடம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடும்போது பெல்ட் தெரிந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இடுப்பில் மட்டும் கட்டுகிற பழைய பெல்ட்டைப் பற்றி நான் பேசவே போவதில்லை. விழுகிறவரை அது இடுப்பில் மடக்கி முதுகெலும்பையும் வயிற்றுக்குள் இருப்பதையும் நசுக்கும், அல்லது ஆள் அதிலிருந்து உருவிக்கொண்டு போவார். அமெரிக்காவில் 1998 ஜனவரியோடு விழுவதைத் தாங்க இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். உங்கள் சைட்டில் இன்னும் இருந்தால் இன்றைக்கே வெட்டிப் போடுங்கள்.

சரி, தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பட்டைகளால் பிடிக்கிற ஃபுல் பாடி ஹார்னஸுக்கு வருவோம். இதைப் பற்றி இருக்கிற பெரிய தப்பெண்ணம், அது ஆளை விழாமல் பிடித்துக்கொள்ளும் என்பது. பிடிக்காது. ஆள் விழுவார். விழுந்து, கயிறு இழுபட்டு, அதற்குப் பிறகுதான் நிற்பார். அப்படி நிற்பதற்கு அவர் காலுக்குக் கீழே வெற்றிடம் வேண்டும். எவ்வளவு என்று கேட்டால் "ஒரு ஆள் உயரம்" என்கிறார்கள். தப்பு.

கணக்கைப் பாருங்கள். லேன்யார்ட், அதாவது ஹார்னஸின் முதுகிலிருந்து கொக்கி வரைக்கும் போகிற கயிறு, விழும் வேகத்தை வாங்கிக்கொள்கிற அப்சார்பர் பையோடு சேர்த்து 2 மீட்டர். விழும்போது அந்தப் பைக்குள் மடித்துத் தைத்திருக்கும் நாடா தையல் தையலாகக் கிழிந்து நீளும், அதிகபட்சம் 1.75 மீட்டர். லேன்யார்ட் மாட்டுகிற முதுகு இரும்பு வளையத்திலிருந்து, அதாவது டி-ரிங்கிலிருந்து, பாதம் வரை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். பாதத்துக்கும் தரைக்கும் நடுவே கட்டாயம் மிச்சமிருக்க வேண்டியது 1 மீட்டர். கூட்டினால் 6.25 மீட்டர், இருபது அடிக்கும் மேல். இதை அளக்க வேண்டியது கொக்கி மாட்டிய இடத்திலிருந்து.

இப்போது ஒரு தம்பி இரண்டாவது மாடி சன்ஷேடில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடிக்கு 3 மீட்டர் என்றால் அவர் கால் தரையிலிருந்து 6 மீட்டரில் இருக்கிறது. கொக்கியைக் கால்மட்டத்தில் எதிலோ மாட்டியிருக்கிறார். ஹார்னஸ் புதுசு, பட்டைகள் சரி, கொக்கியும் நன்றாகப் பூட்டியிருக்கிறது. தவறி விழுந்தால் அவருக்குப் போதுமான இடம் இல்லை. முதல் மாடி உயரத்தில் நிற்கிறவருக்குக் கேட்கவே வேண்டாம், கயிறு இறுகுவதற்கு முன்பே தரை வந்துவிடும். "ரெண்டாவது மாடிதானே சார், என்ன ஆகும்" என்கிறார்கள். இந்த உயரங்களில்தான் ஹார்னஸ் ஏமாற்றும். பத்தாவது மாடியில் கீழே இடத்துக்குப் பஞ்சமில்லை.

அதே தம்பி கொக்கியைத் தலைக்கு மேலே, காலிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் மாட்டியிருந்தால் காலுக்குக் கீழே நாலேகால் மீட்டர் இருந்தால் போதும். அவர் வேகமெடுத்து விழுகிற தூரமும் மூன்றரை மீட்டரிலிருந்து ஒன்றரையாகக் குறைந்துவிடும். ஆகவே கொக்கி எப்போதும் தலைக்கு மேலே. அது முடியாவிட்டால் குறைந்தது முதுகு டி-ரிங் மட்டத்துக்கு. கால்மட்டம் வேண்டவே வேண்டாம். முதல் மாடி, இரண்டாவது மாடி வேலைக்கு 2 மீட்டர் லேன்யார்டைத் தூக்கி வைத்துவிட்டு, கைப்பிடிக் குழாயும் பலகையும் சரியாகப் போட்ட சாரம் கட்டுங்கள். ஓரம் வரைக்கும் போகவே முடியாதபடி கயிற்றை நீளம் குறைத்துக் கட்டுவதும் நல்ல வழி. மேலே உறுதியான இடம் இருந்தால், கயிற்றைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்கிற ரீட்ராக்டபிள் பிளாக் மாட்டலாம், அது சுமார் இரண்டு அடிக்குள் பூட்டிக்கொள்ளும். உங்கள் அப்சார்பரின் லேபிளில் வேறு அளவு போட்டிருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். ஆளும் சாமானும் சேர்ந்து எத்தனை கிலோ வரைக்கும் என்பதும் அதே லேபிளில் இருக்கும், பெரும்பாலும் 100.

நேர் மேலே மாட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பக்கவாட்டில் தள்ளி மாட்டியிருந்தால், விழுகிறவர் ஊசலாடிப் போய்ச் சுவரிலோ தூணிலோ மோதுவார். கீழே விழாமலே மண்டை உடையும்.

எதில் மாட்டுவது?

ஜன்னல் கிரில், ஏசி பிராக்கெட், பிவிசி பைப், தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் இரும்புக் குழாய், பால்கனி கைப்பிடி, சாரத்தின் குறுக்குக் குழாய்: இவை எல்லாவற்றிலும் கொக்கி தொங்குவதைப் பார்க்க முடிகிறது. கையால் இழுத்துப் பார்த்து "கெட்டியாத்தான் இருக்கு" என்பார்கள். நல்ல அப்சார்பர் இருந்தாலே, விழுந்து கயிறு இறுகுகிற நொடியில் 6 கிலோநியூட்டன் வரைக்கும், அதாவது அறுநூறு கிலோவுக்கு இணையான இழுவை வரும். அப்சார்பர் இல்லாத வெறும் கயிறு என்றால் அதைவிடப் பல மடங்கு, அதுவும் நேரே உடம்பில். ஐரோப்பியத் தரம் கொக்கி மாட்டும் இடத்தை 12 கிலோநியூட்டனில் சோதிக்கச் சொல்கிறது, அமெரிக்க விதி ஆளுக்கு 22 கேட்கிறது. ஒரு சின்ன காரைத் தொங்கவிட்டாலும் அசையாத இடமாக இருக்க வேண்டும். கான்கிரீட் தூண், பீம், இன்ஜினியர் பார்த்துப் பொருத்திய ஆங்கர். இவை இல்லையென்றால் அங்கே ஆளை ஏற்றாதீர்கள்.

கயிற்றில் பலகை போட்டு இறங்குகிற வேலைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. பலகையைத் தாங்குகிற கயிறு ஒன்று, அது போனாலும் ஆளைப் பிடிக்கிற உயிர்க்கயிறு ஒன்று. இரண்டும் தனித்தனி இடத்தில் கட்டப்பட வேண்டும். மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள், இரண்டையும் ஒரே குழாயில்தான் சுற்றியிருப்பார்கள். குழாய் பிடுங்கிக்கொண்டால் இரண்டும் சேர்ந்து வரும், இரண்டாவது கயிறு எதற்கு? மொட்டைமாடி கைப்பிடிச் சுவரின் (பேரபெட்) விளிம்பில் கயிறு உரசுகிற இடத்தில் தடித்த ரப்பரோ, பழைய ஹோஸ் பைப்பைப் பிளந்தோ கட்டாயம் வையுங்கள். பூசாத கான்கிரீட் விளிம்பு கயிற்றை அறுக்கும். ஹார்னஸை உயிர்க்கயிற்றோடு இணைக்கிற ரோப் கிராப்பில் ஒரு அம்புக்குறி இருக்கும், அது மேல்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் பிடிக்காது. அதில் எத்தனை மில்லிமீட்டர் கயிறு என்று பொறித்திருக்கிறதோ அந்தக் கயிற்றைத்தான் போட வேண்டும். கடையில் கிடைத்த கயிறு என்று மாற்றினால் வழுக்கிக்கொண்டு போகும்.

மாட்டும் முறை

லுங்கியோடு வந்தால் திருப்பி அனுப்புங்கள். லுங்கி மேல் தொடைப் பட்டை உட்காராது, அதனால் அதைப் போடாமலே தொங்கவிட்டுக்கொள்வார்கள். தொடைப் பட்டை இல்லாத ஹார்னஸ் விழும்போது மேலே ஏறி அக்குளையும் கழுத்தையும் நெரிக்கும், அல்லது ஆள் கீழ்வழியாக நழுவிவிடுவார். பேன்ட் போட்டு, பாக்கெட்டில் இருக்கிற பட்டி பிளேடு, சாவி, போன் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

முதுகு டி-ரிங்கைப் பிடித்துத் தூக்கி உதறினால் சிக்கு பிரிந்து பட்டைகள் தானாக இறங்கும். சட்டை போடுவதுபோல் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். இடது தொடைப் பட்டை இடதுக்கு, வலது வலதுக்கு. முறுக்கு இல்லாமல் பட்டையாகப் படிய வேண்டும். பிறகு மார்புப் பட்டை, நடு மார்பில். அது கழுத்துக்கு ஏறினால் நெரிக்கும், வயிற்றுக்கு இறங்கினால் தலைகீழாக விழும்போது தோள் வழியாக உருவிக்கொள்ளும். கடைசியில் தோள் பட்டையைச் சரிசெய்தால் டி-ரிங் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வந்து நிற்கும். நடு முதுகுக்குக் கீழே தொங்கினால் தளர்வு என்று அர்த்தம்.

இறுக்கம் எவ்வளவு? தொடைக்கும் பட்டைக்கும் நடுவே விரல்களை நீட்டி உள்ளங்கை நுழைய வேண்டும், முஷ்டி நுழையக் கூடாது. மிச்ச நாடாவை வளையத்துக்குள் செருகுங்கள், தொங்கினால் எதிலாவது மாட்டும். முதுகை நம்மால் பார்க்க முடியாது, அதனால் பக்கத்தில் இருக்கிற ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள். தெரியும் தெரியும் என்று இதைத் தவிர்க்கிற பழைய ஆட்களிடம்தான் டி-ரிங் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ரிஃப்ளெக்டிவ் ஜாக்கெட் உள்ளே, ஹார்னஸ் வெளியே. இடுப்புப் பக்கத்தில் இருக்கும் இரண்டு டி-ரிங்குகள் கம்பத்தில் சாய்ந்து நின்று வேலை செய்வதற்கு. விழுவதைத் தாங்க அவற்றில் மாட்டாதீர்கள்.

புது ஆள் என்றால், மேலே அனுப்புவதற்கு முன் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், ஆட்கள் பக்கத்தில் இருக்க, ஒரு நிமிடம் தொங்கவிட்டுப் பாருங்கள். எந்தப் பட்டை தளர்வு என்று அவரே சொல்லிவிடுவார்.

இரண்டு கொக்கி லேன்யார்ட் வைத்திருப்பது இடம் மாறும்போதும் ஒன்றாவது மாட்டியிருக்க வேண்டும் என்பதற்காக. அடுத்ததை மாட்டிவிட்டு முதலாவதை எடுங்கள். சும்மா இருக்கிற கொக்கியை ஹார்னஸின் டி-ரிங்கிலேயே மாட்டிவைக்கிற பழக்கம் ரொம்ப ஆபத்து, அப்சார்பர் விரிய விடாமல் அது கட்டிப் போட்டுவிடும். அதற்கென்று மார்புப் பக்கம் பிளாஸ்டிக் வளையம் இருக்கும், இழுத்தால் விட்டுவிடும், அதில் மாட்டுங்கள். கொக்கி மாட்டலாம் என்று இன்ஜினியர் ஒப்புக்கொண்ட சாரமாக இருந்தாலும் அதன் குழாய் 48 மில்லிமீட்டர் விட்டம். சின்ன கொக்கி அதில் நுழையாது என்று கயிற்றைக் குழாயில் சுற்றிக் கயிற்றிலேயே மாட்டுகிறார்கள். செய்யாதீர்கள், வாய் அகலமான சாரக் கொக்கி வாங்குங்கள். லேன்யார்டில் முடிச்சுப் போட்டால் அதன் பலம் பாதிவரை குறையும். இரண்டு லேன்யார்டை ஒட்டுப்போட்டு நீளமாக்குவதும் கூடாது.

பெங்களூர் எஸ்பி ரோட்டுக் கடைகளில் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 3521 என்ற எண்ணும் தயாரித்த தேதியும் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்சார்பர் இல்லாத கயிற்றை விலை குறைவு என்று தலையில் கட்டுவார்கள். தினமும் காலையில் நாடாவை விரல்களுக்கு நடுவே வளைத்துப் பாருங்கள். வெட்டு, வெல்டிங் பொறி பட்ட ஓட்டை, விறைப்பு, அறுந்த தையல் எதுவும் இருக்கக் கூடாது. பெயின்ட் கறையைத் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், நாடா உள்ளுக்குள் கெடும். மொட்டைமாடி வெயிலில் தொங்கவிடாதீர்கள். லேபிள் இல்லை, அப்சார்பர் பை பிரிந்திருக்கிறது, விழுந்த ஆளை ஒரு தடவை தாங்கியிருக்கிறது என்றால் அது செத்த பொருள். நாலு துண்டாக வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த சைட்டில் யார் தோளிலாவது ஏறும்.

விழுந்து தொங்குகிறவர் தப்பித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். அசையாமல் தொங்கினால் இரத்தம் கால்களில் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், உயிரும் போகலாம். காலைச் சுவரில் உதைத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், ஒரு கயிற்று வளையம் போட்டாவது அதில் ஏறி நிற்கச் சொல்லுங்கள். 112-க்கும் 108-க்கும் உடனே அழையுங்கள். ஆனால் சாயங்காலம் அவுட்டர் ரிங் ரோடில் வண்டி வரும் என்று நம்பி உட்கார முடியாது. யார், எந்த ஏணியில், எந்தக் கயிற்றில் இறக்குவது என்பது காலையிலேயே முடிவாகியிருக்க வேண்டும். இறக்கியதும் படுக்க வைத்து மூச்சைப் பாருங்கள். படுக்க வைக்கவே கூடாது என்ற பழைய அறிவுரைக்கு ஆதாரம் இல்லை என்று 2009-லேயே பிரிட்டனில் ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அசோசியேஷன்காரர்களே, ஹார்னஸை இலவசமாகத் தருவது கான்ட்ராக்டர் கடமை, அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. கொட்டேஷனில் சதுர அடிக்கு எவ்வளவு என்று பேரம் பேசுகிற அக்கறையில் கொஞ்சத்தை இதற்கும் வையுங்கள். வேலை தொடங்குகிற அன்று காலையில் ஒருவர் மொட்டைமாடிக்கு ஏறி, ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு கயிறு இருக்கிறதா, அவை எதில் கட்டியிருக்கின்றன என்று பாருங்கள். ஒரே குழாயில் இருந்தால் வேலையை அப்போதே நிறுத்துங்கள்.