விந்தணுவை எப்படித் தெரிவு செய்கிறார்கள்?

அம்பாறை வயற்காரருக்கு விதை நெல் தெரிவது புதிதல்ல. உப்புத் தண்ணீரில் கொட்டினால் சப்பி மிதக்கும், மணி பிடித்த நெல் அடியில் தங்கும். குழந்தைப்பேற்றுச் சிகிச்சை ஆய்வுகூடத்திலும் முதல் வேலை ஏறக்குறைய இதுதான். அடர்த்தி வேறுபட்ட இரண்டு திரவங்களைக் குழாயில் அடுக்காக விட்டு, மேலே விந்தை ஊற்றிச் சுழற்றுவார்கள். முதிர்ந்த விந்தணுவின் தலை அடர்த்தி கூடியது. அது அடிக்குப் போய்விடும். செத்தவையும் முதிராதவையும் பெரும்பாலும் மேலேயே நின்றுவிடும்.

சரி, அடியில் சேர்ந்த ஆயிரக்கணக்கானவற்றில் எந்த ஒன்று? 1992 முதல் புழக்கத்துக்கு வந்த இக்சி முறையில் ஒரு முட்டைக்கு ஒரே விந்தணுதான். பிசுபிசுப்பான ஒரு துளியில் விட்டு அதன் வேகத்தைக் குறைத்து, கண்ணாடி ஊசியால் வாலை அழுத்தி அசைவை நிறுத்தி, வால் பக்கமாக உறிஞ்சி முட்டைக்குள் செலுத்துகிறார்கள். தெரிவு செய்பவருக்குத் துணை நுணுக்குக்காட்டி மட்டுமே. வடிவமும் நீச்சலும் தெரியும். தலைக்குள் டிஎன்ஏ உடைந்திருக்கிறதா என்பது தெரியாது. சாயம் போட்டுப் பார்க்கலாம், ஆனால் அப்படிப் பார்த்த விந்தணு பிறகு எதற்கும் உதவாது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் புது முறைகள். முட்டையைச் சூழ்ந்துள்ள ஹயலூரோனன் என்ற பொருளில் முதிர்ந்த விந்தணு ஒட்டிக்கொள்ளும். அதைத் தட்டில் பூசி, ஒட்டியதை மட்டும் எடுப்பது ஒன்று. பிரித்தானியாவில் 2,700க்கு மேற்பட்ட தம்பதிகளிடம் இதைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். கருச்சிதைவு ஓரளவு குறைந்தது. பிள்ளை பிறக்கும் வாய்ப்போ குறிப்பிடும்படி கூடவில்லை. இன்னொன்று, மயிரிழை போன்ற நுண்வழிகள் கொண்ட சிப். சுழற்றல் கிடையாது, நீந்தி மறுபக்கம் வந்தவையே கிடைக்கும். அவற்றில் டிஎன்ஏ உடைவு குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் பிள்ளைகள் கூடப் பிறக்கிறார்கள் என்பது இன்னும் உறுதியாகவில்லை.

மட்டக்களப்பிலிருந்து நகையை அடகு வைத்துக் கொழும்புக்கோ சென்னைக்கோ போகிறவர்கள், பில்லில் இவை தனியாக ஏறும்போது ‘எங்களுக்கு இது ஏன் வேண்டும்?’ என்று தாராளமாகக் கேட்கலாம். அதற்கும் முன்னால், ஆணுக்கு விந்துப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் பெண்ணைத்தான் முதலில் டொக்டரிடம் அனுப்புவோம், அது வேறு கதை. ஒரு விந்தணு உருவாக 70 நாளுக்கு மேல் ஆகும். ஆகவே இன்று சிகரெட்டை விட்டவர் பலனைப் பார்க்க, மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி பரிசோதிக்க வேண்டும்.