கைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

படங்களை அசைய வைக்கும் மோஷன் கிராஃபிக்ஸ் வேலைக்கு வந்த புதிதில் 12 விநாடி அனிமேஷன் ஒன்று செய்தேன். வெள்ளைச் சட்டை போட்ட சிறுமி கையைத் தூக்கி டாட்டா காட்டுவாள், அவ்வளவுதான். ஃபோட்டோஷாப்பில் கையைத் தனி லேயராக (அடுக்காக) வெட்டி, அசைவூட்டும் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இரண்டு நாள் கீஃப்ரேம் கீஃப்ரேமாக (எந்த நேரத்தில் எந்த நிலை என்று குறிக்கும் புள்ளிகள்) மெருகேற்றி, பின்னணி இல்லாத பிஎன்ஜி வரிசையாக, அதாவது ஃப்ரேமுக்கு ஒரு படமாக, அனுப்பினேன். வேலை கொடுத்தவர்கள் அதை நீலப் பின்னணியில் வைத்தார்கள். கை மேலே போனது. சட்டையில் கை வடிவத்திலேயே ஒரு நீல ஓட்டை தெரிந்தது. வெள்ளைத் திரையில் வேலை பார்த்த என் கண்ணில் அது படவே இல்லை.

கையை வெட்டி எடுத்தேன், சரி. கை மறைத்திருந்த சட்டையை யார் வரைவது? லேயர் பிரிப்பது என்றால் கத்தரிப்பது என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். பாதிக்கும் மேல் அது வரைகிற வேலை. நகரப்போகிற ஒவ்வொன்றும் தனக்குப் பின்னால் எதையோ மறைத்துக்கொண்டிருக்கிறது. அது எவ்வளவு தூரம் நகருமோ அவ்வளவு தூரத்துக்குப் பின்புறத்தை நிரப்பிவிட வேண்டும். தலை லேசாகத்தான் ஆடும் என்றால் கழுத்தடியில் கொஞ்சம் வரைந்தால் போதும். ஆள் நடந்து வெளியே போவான் என்றால் அவன் பின்னால் இருந்த சுவர் முழுக்க வேண்டும்.

மூட்டுகளில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். முழங்கையை எடுத்துக்கொள்வோம். மேற்கையையும் முன்கையையும் ஒரு நேர்கோட்டில் வெட்டினால், முன்கையை 30 டிகிரி திருப்பியதுமே ஒரு பக்கம் ஆப்பு மாதிரி பிளந்துகொள்ளும். இரண்டு துண்டின் முனையையும் அரைவட்டமாக நீட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி விட வேண்டும். இரண்டு வட்டத்துக்கும் மையம் ஒன்றே. துண்டு எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புமோ அந்த ஆங்கர் பாயின்ட் இந்த மையத்தில் உட்கார வேண்டும். அப்போது எந்தக் கோணத்தில் திருப்பினாலும் விளிம்பு விளிம்போடு பொருந்தியே நிற்கும். பிறகு முன்கைக்கு மேற்கையைப் பேரன்ட் ஆக்கினால், அதாவது மேற்கை போகும் வழியில் முன்கையும் போகும்படி இணைத்தால், தோளைத் திருப்பும்போது எல்லாம் சேர்ந்து வரும். இதையெல்லாம் முதல் கீஃப்ரேமுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பொசிஷனில் கீஃப்ரேம் வைத்தபின் ஆங்கர் பாயின்ட்டை இழுத்தால் கை இடம் மாறி அலையும், எங்கே பிசகியது என்று தேடுவதிலேயே அரை நாள் போய்விடும்.

ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பை ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இம்போர்ட் செய்யும்போது ‘ரீடெய்ன் லேயர் சைசஸ்’ என்று ஒரு தேர்வு வரும். அதையே எடுங்கள். இல்லாவிட்டால் விரல் நகம்கூட முழுத்திரை அளவு லேயராக வந்து, ஆங்கர் பாயின்ட் திரை நடுவில் கிடக்கும். அச்சுக்காகச் செய்த படம் என்றால் அச்சு மைக்கான நிறமுறையான சிஎம்ஒய்கேயில் இருக்கும். முதலில் திரைக்கான ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுங்கள். படத்தின் அளவையும் அப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. 1920×1080 திரையில் ஒன்றரை மடங்கு ஜூம் போகப்போகிறீர்கள் என்றால் மூலப்படம் குறைந்தது 2880×1620 இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துக்கொண்டு முகத்துக்கு ஜூம் கேட்பவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

நிலக்காட்சி என்றால் இன்னொரு வழி இருக்கிறது. மலை, மரம், வேலி என்று பிரித்து, 3டி லேயராக்கி, முன்னும் பின்னுமாக வைத்து, கேமராவை மெல்ல நகர்த்துவது. கிட்டே இருப்பது வேகமாகவும் தூரத்தில் இருப்பது மெதுவாகவும் நகர, தட்டையான படத்துக்கு ஆழம் வந்துவிடும். இது புதுசில்லை. கண்ணாடித் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மேலிருந்து படம்பிடிக்கும் முறையை ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் 1920களிலேயே கையாண்டார். டிஸ்னி ஸ்டூடியோ 1937இல் அதற்கென்றே பெரிய மல்டிப்ளேன் கேமராவை இறக்கியது. அவர்களுக்கும் இதே தொல்லைதான்: கேமரா பக்கவாட்டில் போகப்போக, வேலிக்குப் பின்னால் ஒளிந்திருந்த புல் வெளியே வரும். அதையும் யாராவது வரைந்திருக்க வேண்டும்.

அசைவு விஷயத்தில் என் கட்சி, குறைவாகச் செய்வது. ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். அதாவது ஒரு மூச்சுக்கு 3 முதல் 5 விநாடி. மார்புப் பகுதியின் ஆங்கர் பாயின்ட்டை இடுப்பில் வைத்து, உயரத்தை 100இலிருந்து 101 சதவீதம் வரை ஏற்றி இறக்கி, தொடக்கத்தையும் முடிவையும் மென்மையாக்கும் ஈஸி ஈஸ் கொடுத்தால் ஓவியத்துக்கு உயிர் வந்துவிடும். இரண்டு பேர் இருந்தால் ஒருவருடையதைச் சில ஃப்ரேம் தள்ளிப் போடுங்கள். சேர்ந்தாற்போல மூச்சு விட்டால் அணிவகுப்பு டிரில் மாதிரி இருக்கும். மூடிய இமையைத் தனியாக வரைந்து, விநாடிக்கு 24 ஃப்ரேமில் ஐந்து ஃப்ரேம் காட்டினால் கண் சிமிட்டல் தயார். லேயரைத் தாறுமாறாக ஆடவைக்கும் ஒற்றை வரிக் கட்டளையான விகிள் எக்ஸ்பிரஷனைப் பார்த்தவுடன் எல்லாவற்றிலும் ஒட்டத் தோன்றும். அதில் முதல் எண் விநாடிக்கு எத்தனை முறை, இரண்டாவது எவ்வளவு தூரம் என்பது. இரண்டும் பெரிதானால் இலை காற்றில் ஆடுவது போல இருக்காது, பூகம்பத்தில் ஆடுவது போல இருக்கும்.

பின்னணி இல்லாமல் கேட்பவர்களுக்கு வழக்கமான எச்.264 எம்பி4 வீடியோ அனுப்பிப் பயனில்லை, அதில் ஒளிபுகும் தன்மை கிடையாது. ஜிஃபில் உண்டு, ஆனால் ஒவ்வொரு பிக்சலும் முழுதாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. தலைமுடி ஓரமெல்லாம் ரம்பப் பல்லாகிவிடும். பிஎன்ஜி வரிசை அல்லது ஆல்ஃபாவோடு (ஒளிபுகும் தன்மையைச் சுமக்கும் தகவல்) ப்ரோரெஸ் 4444 வீடியோ அனுப்புங்கள்.

அந்த நீல ஓட்டைக்குப் பிறகு, எந்த வேலை எடுத்தாலும் எல்லா லேயருக்கும் அடியில் கண்ணைக் குத்தும் மெஜந்தா சாலிட் (முழுத்திரைக்கும் ஒரே நிற லேயர்) ஒன்றைப் போட்டுவிடுகிறேன். ஒவ்வொரு லேயரையும் பிடித்து இங்கும் அங்கும் இழுத்தால், விட்டுப்போன இடம் உடனே கத்திச் சொல்லிவிடும். அதை வேலை செய்யும்போது மட்டும் உதவும் கைடு லேயராக்கி, இறுதிப் படத்தை வெளியெடுக்கும் ரெண்டர் அமைப்பில் கைடு லேயர்களை அணைத்துவைத்தால் இறுதிப் படத்தில் வராது. இது தெரிவதற்கு முன் ஒரு முறை மெஜந்தாவோடேயே அனுப்பிவிட்டேன்.