இறக்கத்தில் கிளட்ச்சில் கால் வைக்காதீர்கள்

போன வாரம் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் கியர் பாக்ஸை இறக்கினேன். இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கிற, முழு வட்டமாக இருக்க வேண்டிய கிளட்ச் பிளேட் ஏழெட்டுத் துண்டாகக் கீழே விழுந்தது. லைனிங் ரிவெட்டோடு பிய்ந்து, கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் உள்பக்கம் முழுக்கக் கீறியிருந்தது. வண்டி வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பக்கத்தில் நின்ற வண்டிக்காரத் தம்பி ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பிளேட் டூப்ளிகேட்டாண்ணே?" என்று கேட்டார்.

பிளேட்டில் ஒரு குறையும் இல்லை. இந்த வருஷம் என் பட்டறைக்கு இப்படி வந்தது இது மூன்றாவது. மூன்றிலும் நடந்தது ஒன்றேதான். காரைக்குடியைச் சுற்றி ஏதோ ஒரு கிராவல் குழி, செங்குத்தான இறக்கம், ஃபோர் லோ (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக பலத்தோடு சுற்றும் நிலை), முதல் கியர், இடது கால் கிளட்ச்சில். இந்தத் தடவை பின் சீட்டில் அந்தத் தம்பியின் அப்பத்தாவும் இருந்திருக்கிறார். பிளேட் சிதறிய பிறகு வண்டியைப் பிடிக்க எதுவும் இல்லை. பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்திருக்கிறார். சரளையில் சக்கரம் இழுத்துக்கொண்டே போய், சீமைக்கருவேல மரத்தில் முட்டித்தான் வண்டி நின்றிருக்கிறது. அப்பத்தாவுக்கு நெற்றி வீக்கத்தோடு போயிற்று. அந்த மரம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஏன் கிளட்ச்சை மிதித்தாய் என்று கேட்டேன். "இறக்கத்துல இன்ஜின் ஆஃப் ஆயிட்டா ஸ்டியரிங் இறுகிடும், பிரேக்கும் பிடிக்காதுன்னு சொன்னாங்கண்ணே. ஆஃப் ஆகக் கூடாதுன்னுதான் மிதிச்சேன்" என்றார்.

மூன்று பேரும் இதையேதான் சொன்னார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது இவ்வளவு ஆபத்தாக இருக்கிறது. இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் இறுகும், பிரேக் கல்லாகும், சரி. ஆனால் இறக்கத்தில் இன்ஜின் எப்படி நிற்கும்? வண்டியின் எடை சக்கரத்தைத் தள்ளுகிறது, சக்கரம் இன்ஜினைச் சுற்றுகிறது. காலை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் அது நிற்கவே நிற்காது. பிரேக்கைப் போட்டு அமுக்கினால்தான் நிற்கும். ஓட்டக் கற்றுக்கொள்ளும்போது பிரேக்கும் கிளட்ச்சும் சேர்த்து மிதி என்று சொல்லித் தருகிறார்கள். செக்காலை ரோட்டில் சந்தடிக்கு நடுவே நிறுத்தும்போது அது சரிதான். குழியில் இறங்கும்போது அதே பழக்கம்தான் ஆளைக் கொல்லும். கிளட்ச்சை மிதித்த நொடியே இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துவிடுகிறது. கயிற்றில் கட்டி இறக்கும் அண்டாவைப் பாதியில் கைவிடுவதும் இதுவும் ஒன்று.

பிளேட் ஏன் சிதறுகிறது என்பதையும் கேளுங்கள், ஏனென்றால் யாரும் இதை நம்ப மாட்டேன் என்கிறார்கள். கிளட்ச்சை மிதித்தாலும் பிளேட் கியர் பாக்ஸோடுதான் இருக்கிறது, அதைச் சுற்றுவது சக்கரம். ஃபோர் லோ முதல் கியரில், இந்த வகை வண்டிகளில், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் பிளேட் கிட்டத்தட்ட 40 சுற்றுச் சுற்றும். மீட்டரில் 30 கிலோமீட்டர் காட்டும்போது பிளேட் நிமிஷத்துக்கு 8,000 சுற்றைத் தாண்டியிருக்கும். டீசல் இன்ஜினே 5,000 தாண்டாது. மீட்டரில் இன்ஜின் ஐட்லிங்கில் 800 என்று அமைதியாகக் காட்டிக்கொண்டிருக்கும், சத்தமும் இருக்காது. உள்ளே பிளேட் பம்பரத்தைவிட மோசமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அப்புறம் ஒரு வெடிச்சத்தம். அவ்வளவுதான்.

நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சம் என்று சொல்லும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்றைய வண்டிகளில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் போவதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குச் செலவாகிறது.

சரி, எப்படி இறக்குவது? குழியின் விளிம்பில், சமதரையிலேயே வண்டியை நிறுத்துங்கள். இறங்கி நடந்து பாருங்கள். நடந்து இறங்கக் கால் கூசும் இடத்தில் வண்டியை இறக்காதீர்கள். அப்புறம் ஃபோர் லோ, முதல் கியர். கிளட்ச்சை அங்கேயே முழுதாக விட்டுவிட்டு, இடது காலைத் தரையில் வையுங்கள். கீழே போய்ச் சேரும்வரை அது அங்கேயே இருக்கட்டும். ஆக்சிலேட்டர் வேண்டாம். வண்டி மணிக்கு 3 கிலோமீட்டர் அளவில், மனிதன் நடப்பதைவிட மெதுவாக, தானே இறங்கும். நேராக இறக்குங்கள், சாய்வுக்குக் குறுக்கே திருப்பினால் உருளும். வேகம் கூடினால் பிரேக்கை மெல்லத் தொடுங்கள், தொட்டால் போதும். ஹேண்ட் பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள், வால் திரும்பிவிடும். பாதி இறக்கத்தில் கியர் மாற்றாதீர்கள்.

ஃபோர் வீல் போடாமல் டூ வீல் டிரைவிலேயே இறங்குகிறேன், எனக்குப் பழக்கம் என்று சொல்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இறக்கத்தில் எடை முழுக்க முன்னால் சாய்ந்துவிடுகிறது. இன்ஜின் பிடிப்பு கனமே இல்லாத பின் சக்கரத்துக்கு மட்டும் போனால் அது வழுக்கத்தான் செய்யும்.

நம் ஊர் மண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செம்மண்ணுக்கு மேல் சரளை பரவிக் கிடக்கிற இறக்கம் என்பது, ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் கேழ்வரகைக் கொட்டி அதன் மேல் நடப்பது மாதிரி. பிரேக்கை அமுக்கினால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. ஏபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். அது சக்கரத்தைப் பூட்ட விடாது, ஸ்டியரிங் கேட்கும்; ஆனால் உதிரிச் சரளையில் நிற்கும் தூரம் கூடவே செய்யும். சில புது வண்டிகளில் இறக்கத்துக்கென்று ஒரு பட்டன் இருக்கிறது. அதுவும் பிரேக்கைப் பிடித்துத்தான் வேலை செய்கிறது, கியருக்குப் பதிலாகாது. மழைக்குப் பின் செம்மண் குழைந்திருந்தால் முதல் கியரில் சக்கரமே இழுத்துக்கொண்டு போகலாம், அங்கே ஃபோர் லோவில் இரண்டாவது கியர் நல்லது. வண்டி வழுக்க ஆரம்பித்தால் லேசாக ரேஸ் கொடுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் கொடுங்கள். சக்கரம் வண்டியின் வேகத்துக்குச் சுற்றினால்தான் மறுபடி பிடிக்கும்.

இன்ஜின் நிஜமாகவே நின்றுவிட்டால் பிரேக்கை ஒரே அழுத்தாகப் பிடித்து வையுங்கள். விட்டுவிட்டு மிதித்தால் பிரேக்குக்குப் பலம் கொடுக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் பலம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். வண்டி நின்ற பிறகு ஸ்டார்ட் செய்து, கிளட்ச் பிடிக்கும் இடத்தில் பிரேக்கைத் தளர்த்துங்கள். இது ஒன்றுக்குத்தான் இறக்கத்தில் கிளட்ச்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு, சிறுமலை, கொடைக்கானல் போகிறவர்கள் தார் ரோட்டில் ஃபோர் லோ போட வேண்டாம், இரண்டாவது கியரே போதும். ஆனால் பிரேக் ஆயிலைப் பார்த்துவிட்டுப் போங்கள். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் பெடல் தரையைத் தொடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொன்னால் "நல்லாத்தானேண்ணே இருக்கு" என்கிறார்கள்.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். கண்மாய்க் கரையில் ஏற்றி இறக்கிப் பழகாதீர்கள், அது ஊருக்கே தண்ணீர் காக்கும் கரை. பின் சீட்டில் இருப்பவர்களுக்கும் பெல்ட் மாட்டுங்கள். அப்பத்தா மாட்டியிருந்தால் அந்த வீக்கமும் இருந்திருக்காது.

புது பிளேட் போட்ட அன்று சாயங்காலம் அந்தத் தம்பியை எங்கள் தோட்டத்துப் பழைய குழிக்கே கூட்டிப் போனேன். விளிம்பில் ஃபோர் லோ போட்டு, கிளட்ச்சை விட்டு, இடது காலை மடக்கி சீட்டுக்கு அடியில் வைக்கச் சொன்னேன். கால் நடுங்கியது, இரண்டு தடவை பெடலுக்குப் போகப் பார்த்தது. வண்டி முனகிக்கொண்டே இறங்கியது. பாதி வழியில், மேய்ந்து திரும்பிய ஆடுகள் எங்கள் பக்கத்தில் வந்து, எங்களை முந்திக்கொண்டு இறங்கிப் போயின. "இவ்வளவு மெதுவாவாண்ணே?" என்றார். ஆமாம் தம்பி, இவ்வளவு மெதுவாக.