மீன் தொட்டித் தண்ணீர் ஏன் ரோஸ் நிறமாகிறது?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். புது வீடு கட்டிக் குடிபோனபோது வரவேற்பறையில் இரண்டடி மீன் தொட்டி வைத்திருக்கிறார். ஆறு கோல்டு ஃபிஷ் விட்டதில் மூன்றே வாரத்தில் நான்கு இறந்துவிட்டன. "தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. ஞாயிறு தவறாமல் தொட்டியைக் காலி செய்து, கூழாங்கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் அலசி வைக்கிறேன். வீட்டுக்கு வந்த திருஷ்டியை மீன் எடுத்துக்கொண்டது என்று அத்தை சொல்கிறார். கடைக்காரர் கொடுத்த டெஸ்ட் கிட்டில் நைட்ரைட் சோதனைக் குழாய் நல்ல ரோஸ் நிறமாகிறது. அது என்ன ரோஸ்?"

அவர் மீன்களைக் கொன்றது எது என்பது அந்தக் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. தூசி மிதக்காத தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும். கரைந்திருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. மீன் தின்னும் தீவனத்தின் புரதத்தில் உள்ள நைட்ரஜன், செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது மிகவும் சேராதவரை தொந்தரவு இல்லை. பள்ளியில் படித்த நைட்ரஜன் சுழற்சியேதான் இது. இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிட ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்வதே அதிகம். புதுத் தொட்டியில் அவை தேவையான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நம் வாசகர் ஞாயிறுதோறும் குளோரின் கலந்த தண்ணீரில் அவற்றை அலசிவிட்டு, திங்கட்கிழமை முதல் நாளிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

சரி, ரோஸுக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

சொட்டு மருந்து போல இருக்கும் அந்த பாட்டிலில் அமிலமும், சல்ஃபனிலிக் அமிலம் போன்ற ஒரு சேர்மமும் இருக்கும். ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் பென்சீன் வளையம் ஒன்று, அதன் ஓரத்தில் ஒரு நைட்ரஜன். அமிலத்தில் விழுந்ததும் தொட்டியின் நைட்ரைட், நைட்ரஸ் அமிலமாக மாறி வளையத்தின் நைட்ரஜனைப் போய்ப் பிடிக்கிறது. ஆக்சிஜன்கள் தண்ணீராகக் கழன்றுகொள்ள, இரண்டு நைட்ரஜன்களும் மூன்று பிணைப்பில் இறுகிக்கொள்கின்றன. இதற்கு டையசோனியம் என்று பெயர். நிலைகொள்ளாத பிறவி இது. சும்மா விட்டால் நைட்ரஜன் வாயுவாகக் குமிழ்விட்டுப் போய்விடும். போவதற்குள் அதைப் பிடித்துக்கொள்ள அதே கலவையில் இன்னொரு மூலக்கூறு காத்திருக்கிறது. இது இரட்டை வளையம் கொண்ட நாப்தலீன் குடும்பத்துக்காரர். இரண்டும் இணைந்ததும், இந்தப் பக்க வளையத்துக்கும் அந்தப் பக்க வளையத்துக்கும் நடுவே இரண்டு நைட்ரஜன்களால் ஆன ஒரு பாலம் உருவாகிறது.

நிறம் பிறப்பது அந்தப் பாலத்தில்தான். தனித்தனியாக இருந்தபோது எலக்ட்ரான்கள் அவரவர் வளையத்துக்குள் அடைந்து கிடந்தன. பாலம் வந்ததும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உலவத் தொடங்குகின்றன. உலவும் இடம் பெரிதானால் குறைந்த ஆற்றல் கொண்ட ஒளியே அவற்றை எழுப்பப் போதும். 540 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை அவை விழுங்கிவிடுகின்றன. பச்சை போனால் மிஞ்சி நம் கண்ணுக்கு வருவது ரோஸ்.

பாலத்தின் இரண்டு நைட்ரஜன்களில் ஒன்று பாட்டிலோடு வந்தது. மற்றொன்று தொட்டியிலிருந்து வந்தது. போன வாரம் நீங்கள் தூவிய தீவனத்தில் இருந்து, மீனின் உடம்பில் ஓடி, செவுளில் வெளியேறி, பாக்டீரியா கைமாறி வந்த அதே அணு, இப்போது சாயத்தின் நடுவில் உட்கார்ந்து நிறம் காட்டுகிறது. எத்தனை முறை செய்தாலும் குழாயைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருக்காமல் என்னால் கீழே வைக்க முடிந்ததில்லை.

டையசோ சேர்மங்களை 1858-இல் கண்டுபிடித்தவர் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானியர். பிறகு இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் ஒரு பீர் ஆலையில் வேதியியலராக வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1879-இல் நைட்ரைட் சோதனையைச் சொன்னவரும் அவர்தான். திருப்பூர்க்காரருக்கு ஒரு செய்தி: பனியனுக்கும் சட்டைக்கும் நிறம் ஏற்றும் அசோ சாயங்கள் இதே பாலத்தால் ஆனவை. சிறுநீரில் கிருமித் தொற்று பார்க்கும் பட்டையில் நைட்ரைட் கட்டம் சிவப்பதும் இதே வேதிவினைதான். ஒரு நாள் மதியம் கீரைக்கூட்டு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து என் எச்சிலையே தண்ணீரில் கலந்து சோதித்தேன். குழாய் அழகாகச் சிவந்தது. கீரையின் நைட்ரேட்டை வாயில் உள்ள பாக்டீரியா நைட்ரைட் ஆக்குகிறது.

நைட்ரேட் சோதனையில் ஒரு கைவேலை உண்டு. நைட்ரேட் நேரடியாகச் சாயம் தராது, முதலில் அதை நைட்ரைட்டாக மாற்ற வேண்டும். அதற்குத்தான் பல கிட்களில் துத்தநாகத் தூள் இருக்கிறது. தூள் பாட்டிலின் அடியில் படிந்துவிடும். அரை நிமிடம் நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் அளவு பொய்யாகக் குறைத்துக் காட்டும். "என் தொட்டியில் நைட்ரேட்டே இல்லை" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, பாட்டிலைக் குலுக்கினீர்களா என்பதுதான்.

அம்மோனியா அளவை மட்டும் தனியாகப் படிக்காதீர்கள், தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பி.ஹெச். எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். 25 டிகிரியில் பி.ஹெச். 7 என்றால் அளந்த அம்மோனியாவில் நூறில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பி.ஹெச். 8 ஆனால் நூறில் ஐந்து பங்கு. எண் ஒன்றுதான், ஆபத்து ஏறக்குறைய பத்து மடங்கு.

நைட்ரைட் மீனின் ரத்தத்தில் புகுந்து ஹீமோகுளோபினின் இரும்பை மாற்றிவிடுகிறது. அது ஆக்சிஜனைச் சுமக்க மறுக்கும். ரத்தம் பழுப்பாகும், தண்ணீரில் காற்று இருந்தும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். திருஷ்டி என்று சொன்னவர் அன்பில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் இந்த நம்பிக்கை மேல் எனக்கு வருத்தம் உண்டு. மீன் இறந்தது நமக்கு நல்லது என்று மனம் ஆறிவிட்டால், யாரும் தண்ணீரைச் சோதிக்கப் போவதில்லை. அடுத்த ஆறு மீனும் அதே தண்ணீருக்குள்தான் போகும்.

பாக்டீரியா பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்மோனியாவை ஒருவர், நைட்ரைட்டை ஒருவர் என்று இரண்டு பேராகத்தான் இந்த வேலை நடக்கும் என நூறாண்டுக்கு மேல் நம்பியிருந்தோம். 2015-இல் இரண்டு குழுக்கள், நைட்ரோஸ்பைரா இனத்தில் சில முழு வேலையையும் தனியாகவே முடிப்பதைக் காட்டின. அவற்றில் ஒரு குழு அதைக் கண்டது மீன் வளர்ப்புத் தொட்டியின் ஃபில்டரில் படிந்த வழுவழுப்பில். இந்த அழுக்கை ஆராய எதற்குப் பணம் என்று நிதி தருபவர்கள் கேட்கும்போதெல்லாம் இதை எடுத்துக் காட்ட வேண்டும் போலிருக்கும்.

இனி அவர் செய்ய வேண்டியது. ரோஸ் மறையும்வரை தினமும் கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள், ஆன்ட்டி குளோரின் சொட்டு விட்ட பிறகு. தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள். லிட்டருக்கு அரை கிராம் கல் உப்பு கரைத்து விடுங்கள். செவுளில் நைட்ரைட் நுழையும் வழியாகவே குளோரைடும் நுழைவதால், உப்பு முந்திக்கொண்டு இடத்தை அடைக்கும். தினமும் அதே நேரத்தில் சோதித்து, ஐந்து நிமிடம் பொறுத்து, வெள்ளைத்தாளில் குழாயை வைத்துப் பார்த்து எழுதி வையுங்கள். அழுக்கு அடைத்தால் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஒரு பிழி பிழிந்தால் போதும். இந்த ஞாயிறு குழாயடிக்கு மட்டும் கொண்டு போகாதீர்கள்.